மாவுக்கட்டின் மேல் ஒரு பெயர்

எங்கள் தையல் கடையில் அவளை எல்லோரும் பட்டன் என்றுதான் கூப்பிடுவோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பட்டன் கட்டுவதும் காஜா எடுப்பதும் மட்டும்தான் அவளுக்குக் கொடுத்தார்கள். பட்டன் நுழையும் துளையைச் சுற்றி நூலால் கட்டுவதுதான் காஜா. பிறகு ஒரு கோட்டு முழுவதையும் பிரித்துத் திரும்பச் சேர்க்கிற அளவுக்குக் கை தேறிவிட்டாள். ஆனாலும் பெயர் மாறவில்லை. கட்டிங் மாஸ்டர் வைத்த பெயர் அது. எனக்கு அவர் வைத்த பெயர் ஸ்பீக்கர். ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை, போகப் போக உங்களுக்கே தெரிந்துவிடும்.

கடையின் கீழே கவுன்டர், மாடியில் எங்கள் அறை. சுவரை ஒட்டி மெஷின்கள், நடுவில் வெட்டும் மேஜை, தெருவைப் பார்த்து ஒரே ஒரு ஜன்னல். ஜன்னலோரம் என் மெஷின், எனக்குப் பக்கத்தில் அவள். வாயைத் திறக்கவே மாட்டாள். நான் காலையிலிருந்து சாயங்காலம்வரை பேசிக்கொண்டே இருப்பேன், அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்துக்கொண்டே கேட்பாள். எப்போதாவது ஒரு வார்த்தை சொல்வாள். அதில் நான் பேசியதெல்லாம் தவிடுபொடியாகிவிடும்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் உள்மடிப்பில், வெளியே தெரியாத இடத்தில், அவரவர் நிறத்து நூலில் ஒரே ஒரு தையல் போட வேண்டும். எனக்குச் சிவப்பு, பட்டனுக்குப் பச்சை. யாராவது தையல் பிரிந்துவிட்டது என்று சண்டைக்கு வந்தால் மாஸ்டர் மடிப்பைப் புரட்டிப் பார்ப்பார். எந்த நிறமோ அந்த ஆளைக் கீழே கூப்பிடுவார். வாடிக்கையாளர் முன்னால் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டு, துணியை மேலே எடுத்து வந்து சரி செய்ய வேண்டும். நான் அடிக்கடி படி இறங்கியிருக்கிறேன். அவள் இறங்கி நான் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

அவள் வீட்டுக்காரர் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் வேலை செய்கிறார். தங்கமான மனிதர். குடி கிடையாது, கைநீட்டும் பழக்கம் கிடையாது. காலையில் எழுந்து அவர்தான் டீ போட்டு அவளை எழுப்புவார். அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு பைத்தியம். ஒரு நடிகர். வீட்டுக்காரர் வாயில் அந்த நடிகர் ‘தலைவர்’. என் வாயில் அந்த வார்த்தை வராது, நான் நடிகர் என்றே சொல்கிறேன்.

அந்த நடிகருக்கு ஒரு ரசிகர் மன்றம். அதில் பெரிய ஆள் யார் என்பது, நடிகரின் கையெழுத்து யாரிடம் எதில் இருக்கிறது என்பதை வைத்துத்தான். வெறும் காகிதத்தில் வாங்கினால் மதிப்பில்லையாம், அது யாரும் வாங்குவதாம். ஒருவன் டிபன் பாக்ஸ் மூடியில் வாங்கினான், அன்றிலிருந்து சோற்றைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோகிறான். ஒருவன் தலையணை உறையில் வாங்கினான், அதில் தலை வைப்பதில்லை. குடையில் வாங்கியவன் மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு வருவான், குடை வீட்டில் அலமாரியில் பத்திரமாக இருக்கும். கையெழுத்து விழுந்துவிட்டால் அந்தப் பொருள் அதோடு வேலையை விட்டு நின்றுவிட வேண்டும், அப்படி ஒரு சட்டம் அவர்களுக்குள்.

பட்டனின் வீட்டுக்காரரிடம் மட்டும் எதிலும் இல்லை. எத்தனையோ முறை போய் நின்றிருக்கிறார். கூட்டத்தில் முண்டியடிக்கிற சாமர்த்தியம் அவருக்கு இல்லை. மன்றத்தில் அவருக்கு ‘வெள்ளைத்தாள்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வார் என்று பட்டன் ஒருநாள் சொன்னாள்.

எங்கள் கடைக்கு நேர் எதிரே ஒரு பெரிய ஷூ கடை வந்தது. திறந்து வைக்க அந்த நடிகர்தான் வருகிறார் என்று தெருவெல்லாம் போஸ்டர். வீட்டுக்காரருக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. காலையில் பட்டன் ஒரு பையோடு வந்தாள். அதில் அவருடைய கல்யாணச் சட்டை, அவளே தைத்தது.

“இதுல வாங்கிட்டு வரச் சொன்னாரா?” என்று கேட்டேன்.

“கேக்கலக்கா. நான்தான் எடுத்துட்டு வந்தேன். பாவம், மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு இருக்காரு. எதிர்லதானே, டீ குடிக்கிற நேரத்துல ஓடிட்டு வந்துடறேன்.”

“உனக்குக் கூட்டம்னாலே ஆகாது. பேசாம உட்காரு.”

“நீங்க ஜன்னல்லேர்ந்து பாத்துக்கோங்க” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். இரும்புத் தடுப்புகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அவள் ஓரமாக, தடுப்பை ஒட்டி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நடிகர் மேடையில் ரிப்பன் வெட்டினார், கையசைத்தார். யாரோ அவர் கையில் ஒரு புது ஷூவைக் கொடுத்தார்கள். அதில் பேனாவால் கையெழுத்துப் போட்டார். தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். பிறகு அதைக் கூட்டத்துக்குள் வீசினார். ஒற்றை ஷூ! அதை வைத்துக்கொண்டு ஒருவன் நடக்கவா முடியும்? அந்த ஒற்றை ஷூவுக்காக மொத்தத் தெருவும் ஒரு பக்கமாகச் சரிந்தது. தடுப்பு விழுந்தது. அதன் மேல் ஆட்கள் விழுந்தார்கள். அவர்களுக்கும் மேல் ஆட்கள் ஓடினார்கள். நான் படிகளில் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினேன்.

வலது முன்கையில் இரண்டு எலும்பும் உடைந்திருந்தன. கல்யாணச் சட்டை போன இடம் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் எலும்பை இழுத்துச் சேர்த்து, விரல்களின் அடியிலிருந்து முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். வீட்டுக்காரர் ஓடி வந்தார். என்ன நடந்தது என்று கேட்டதும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார். “எனக்காகவா போனே, எனக்காகவா போனே” என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டார். அன்றைக்கு அவர் அழுதது உண்மையான அழுகை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் காலை வார்டைக் கழுவி, புது விரிப்புப் போட்டார்கள். அடிபட்டவர்களைப் பார்க்க நடிகர் வருகிறார் என்றார்கள். கூடவே கேமராக்காரர்கள் வந்தார்கள். தலையில் அடிபட்டுப் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தவர்களை எல்லாம் விட்டுவிட்டு, கை கால்களில் கட்டுப் போட்டவர்களாகப் பார்த்து முன்னால் தள்ளினார்கள். வெள்ளைக் கட்டு படத்தில் நன்றாகத் தெரியும் போலிருக்கிறது.

நடிகரைக் கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். ஆனால் அவர் கண்கள் சிவந்திருந்தன, தூங்கியிருக்க மாட்டார். பட்டன் அருகில் வந்து, “சீக்கிரம் நல்லாயிடும்மா” என்றார். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றார். அப்போது வீட்டுக்காரர் முன்னால் வந்தார். “தலைவா, இதுல... ஒரு கையெழுத்து” என்று மாவுக்கட்டைக் காட்டினார். நடிகருக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். செய்யத் தெரிந்த ஒரு வேலை கிடைத்துவிட்டதே. தடித்த மார்க்கரை வாங்கி, முன்கையின் உள்பக்கம், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை நீட்டமாக எழுதினார். பட்டன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கேமராக்கள் மின்னின. அவளுடைய பெயரை யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் வலி ஆரம்பித்தது. உடைந்த எலும்பு வலிக்கத்தானே செய்யும் என்றுதான் முதலில் நினைத்தேன். “இது அந்த வலி இல்லக்கா. கட்டுக்குள்ள யாரோ ஈரத்துணியைப் பிழியற மாதிரி இருக்கு” என்றாள். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்கள் வீங்கி, தொட்டால் சில்லென்று இருந்தன. ஒரு விரலை லேசாக நிமிர்த்தினால் அலறினாள். அலறுகிற பெண் இல்லை அவள். நான் வார்டே அதிரும்படி கத்தி டாக்டரை வரவழைத்தேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். நகத்தை அழுத்திப் பார்த்தார், விரலை நீட்டிப் பார்த்தார், உடனே முகம் மாறியது. “உள்ளே வீக்கம் அதிகமாகுது. கட்டை மேலேர்ந்து கீழே வரைக்கும் பிளந்து நல்லா விரிச்சு விடணும். உள்ள இருக்கிற பஞ்சையும் சேர்த்து வெட்டணும், தோல் தெரியணும்” என்று கட்டுப் போடுகிறவரிடம் சொன்னார். தானே பென்சிலால் கோடும் போட்டார். அதற்குள் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஆள் வந்து அவரைக் கூட்டிப் போய்விட்டான். நேற்று விழுந்தவர்களில் ஒருவருக்கு மோசமாகிவிட்டதாம்.

கோடு கையெழுத்தின் நட்டநடுவில் போயிருந்தது.

கட்டுப் போடுகிறவர் சின்ன ரம்பத்தை எடுத்ததும் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, அண்ணே, இது தலைவர் போட்டதுண்ணே. வேற பக்கம் வெட்டுங்கண்ணே.”

“டாக்டரம்மா இங்கதான் கோடு போட்டிருக்காங்க.”

“பின்பக்கம் வெட்டினாலும் கட்டு தளரும்ல? கொஞ்சம் தளர்ந்தாப் போதும்ல? உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்.”

“வெட்டலாம். ஆனா முழுசா விரியாது” என்று அவர் இழுத்தார். இழுத்தவர் எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் பட்டனைப் பார்த்தார். “நீங்க என்னம்மா சொல்றீங்க?”

நான் குறுக்கே பாய்ந்தேன். “அவ என்ன சொல்றது? டாக்டர் சொன்ன மாதிரி வெட்டுங்க. பேரா முக்கியம்? கை முக்கியமா, அதுல கிறுக்கினது முக்கியமா?”

“கிறுக்கினதா!” என்றார் வீட்டுக்காரர். நான் அவரை அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பட்டன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “பின்பக்கமே வெட்டுங்க. நான் தாங்கிக்கிறேன்” என்றாள்.

பின்பக்கம் வெட்டினார். வெட்டிய இடத்தில் இடுக்கியை விட்டு விரித்தபோது, முன்பக்கத்து மாவு நறுநறுவென்றது. “ஐயோ, உடையுது உடையுது” என்று வீட்டுக்காரர் பதறினார். கட்டுப் போடுகிறவர் அதோடு நிறுத்திக்கொண்டார். பஞ்சை வெட்டவே இல்லை. ஒரு விரல் நுழைகிற இடைவெளி கிடைத்தது. அதன் மேலேயே துணிக்கட்டைச் சுற்றிவிட்டுப் போனார்.

சாயங்காலம் நர்ஸ் வந்து, “வலி எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“பரவால்ல சிஸ்டர், குறைஞ்சிருக்கு” என்றாள் பட்டன். நெற்றியில் வியர்வை ஆறாக ஓடிக்கொண்டிருந்தது.

நர்ஸ் நகர்ந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். “ஏண்டி பொய் சொல்றே? வலிக்குதுன்னு சொல்லித் தொலையேன்.”

“சொன்னா உடைச்சிடுவாங்கக்கா. அங்க பாருங்க அவரை.”

பார்த்தேன். வார்டு வாசலில் மன்றத்து ஆட்கள் நின்றார்கள். வீட்டுக்காரர் போனில் எடுத்த படத்தை ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். குடைக்காரன் அவர் தோளில் கை போட்டிருந்தான். அந்த மனிதரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கல்யாணத்தன்று இருந்திருக்கலாம். நான் நர்ஸிடம் போய், அவள் பொய் சொல்கிறாள், எழுதிக்கொள்ளாதீர்கள் என்றேன். “நோயாளி சொல்றதைத்தானேம்மா நாங்க எழுத முடியும்? நீங்க வீட்டுக்குப் போங்க, பார்வை நேரம் முடிஞ்சுது” என்றாள். போனேன்.

மறுநாள் காலை ரொட்டியும் டீயும் வாங்கிக்கொண்டு போனேன். பட்டன் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். “வலி சுத்தமாப் போயிடுச்சுக்கா. விடிகாலையில கண்ணை மூடினேன், எழுந்தா ஒண்ணுமே இல்ல.” எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. நேற்றுக் கத்தியதற்கு வீட்டுக்காரரிடம் மன்னிப்புக்கூடக் கேட்டேன். மூன்று பேரும் ரொட்டியைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம்.

டாக்டர் வந்தார். அவள் சொன்னதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. ஊசியை எடுத்து விரல் நுனியில் குத்தினார். பட்டன் என்னிடம் பேசிக்கொண்டே இருந்தாள், திரும்பவே இல்லை. இன்னொரு விரலில் குத்தினார். ஒரு பொட்டு ரத்தம் வந்தது. அப்போதும் அவள் திரும்பவில்லை. டாக்டர் துணிக்கட்டைப் பிரித்தார், வெட்டியிருந்த பக்கத்தைப் பார்த்தார். “யாரு இப்படி வெட்டினது?” என்று கேட்டார். அடுத்த நிமிடமே கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

கட்டு இறுக்கியதில் உள்ளே ரத்த ஓட்டம் நின்று, சதை செத்துப்போயிருந்தது. வலி போனது குணமானதால் அல்ல, வலியைச் சொல்லும் நரம்பும் சேர்ந்து செத்ததால். ஆபரேஷன் முடிந்து டாக்டர்தான் எங்களிடம் இதைச் சொன்னார். கையை எடுக்க வேண்டியதில்லை, ஆனால் அது இனி வேலைக்கு ஆகாது என்றார். வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. உள்ளே மாவுக்கட்டின் முன்பாதி. பின்பக்கம் வெட்டி எடுத்ததால் கையெழுத்து ஒரு கீறல் இல்லாமல் முழுசாக இருந்தது. குப்பையில் போகாமல் யாரிடமோ கெஞ்சி வாங்கி வைத்திருக்கிறார். அந்தப் பையைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கிவிட்டது. விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல மடங்கி நின்றுவிட்டன. முன்கை மெலிந்து, தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோலோடு, வேறு யாருடைய கையோ போல இருந்தது. பட்டன் இடது கையால் தைத்துப் பழகினாள். ஊசியைப் பிடிக்க ஒரு கை போதும், துணியைப் பிடிக்க இன்னொரு கை வேண்டுமே. முழங்காலுக்கு நடுவில் துணியை இடுக்கிக்கொண்டு ஒரே ஒரு காஜா எடுத்தாள். அதை மாஸ்டரிடம் காட்டவில்லை, பிரித்துப் போட்டுவிட்டாள். மாஸ்டர் அவளைக் கவுன்டரில் உட்கார வைத்தார். வருகிறவர்கள் கையைப் பார்ப்பதும், பார்க்காததுபோல முகத்தைத் திருப்புவதுமாக இருந்தார்கள். அவளாகவே நின்றுவிட்டாள்.

வீட்டுக்காரர் மாவுக்கட்டுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி செய்தார். அவர் செய்த வேலைகளிலேயே அதுதான் சிறந்தது, பொய் சொல்லக் கூடாது. மூலை பொருந்தியிருந்த அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். உள்ளே வெல்வெட் விரித்திருந்தார். எந்த நிறம் போடலாம் என்று அவளிடமே கேட்டாராம், அவளும் நீலம் என்றாளாம். முன் அறையில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் பெட்டி உட்கார்ந்தது. ஆட்கள் பார்க்க வந்தார்கள். சிலர் அவளைப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைத்தாள் என்று இப்போது யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. மன்றத்துச் செயலாளர் ஆகிவிட்டார். அவளுக்குத் தலை வாரிவிடுவதும், சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவதும் அவர்தான். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. இந்த மனிதரை என்னதான் செய்வது, சொல்லுங்கள்! திட்டினால் வாய்தான் வலிக்கும்.

ஒருநாள் அவர் இல்லாதபோது நான் பெட்டியைப் பார்த்துப் பொரிந்து தள்ளினேன். “ஓவியம் வரைஞ்சவன் ஓவியத்துல பேரு போடுறான், நியாயம். புத்தகம் எழுதினவன் புத்தகத்துல போடுறான், நியாயம். இந்த ஆளுக்கும் குடைக்கும் என்ன சம்பந்தம்? டிபன் பாக்ஸுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? அடுத்தவன் பொருள்ல தன் பேரை எழுதிட்டு, அதை அவன் தொடக்கூட முடியாம ஆக்கிட்டுப் போறாரு. உன் கட்டுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?”

பட்டன் பெட்டியின் கண்ணாடியை இடது கையால் துடைத்தாள். பிறகு, “இருக்குக்கா. மத்ததெல்லாம் அவர் செய்யல. இது ஒண்ணுதான் அவர் செஞ்சது. அந்த ஷூவை வீசினாரே” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஆனா அவருக்கு அது தெரியாதுக்கா. நல்லாயிடும்னு சொல்லிட்டுப் போனாரு, நல்லாயிடுச்சுன்னே நினைச்சிட்டிருப்பாரு. நம்ம கடையில தையல் பிரிஞ்சா மடிப்பைப் புரட்டிப் பாத்து ஆளைக் கூப்பிடுவாங்கல்ல? அந்த மாதிரி அவரையும் கூப்பிட்டுக் காட்டணும். திட்டறதுக்கு இல்ல. பேரு போட்டவருக்கு என்ன ஆச்சுன்னு தெரியணும், அவ்வளவுதான்.”

அதன் பிறகு அவள் அதைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை. பணம் கேட்கவில்லை, போலீசுக்குப் போகவில்லை. அந்த மனிதர் ஒருமுறை அந்தக் கையைப் பார்க்க வேண்டும். அது ஒன்றுதான்.

ஷூ கடைக்கு ஒரு வருடம் ஆனபோது நடிகர் மறுபடி வருவதாகச் சொன்னார்கள். இந்த முறை தெருவில் இல்லை, கடைக்கு உள்ளே, வரிசையாக விடுவார்களாம். மன்றத்துச் செயலாளருக்கு முதல் வரிசையில் இடம். அதே சமயம் மாவுக்கட்டில் மை மங்கத் தொடங்கியிருந்தது. கறுப்பு பழுப்பாகிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டியை எடுத்துப் போய் அதே எழுத்தின் மேல் மறுபடி எழுதி வாங்கிவிட வேண்டும் என்று துடித்தார்.

“நானும் வரேன்” என்றாள் பட்டன்.

அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவள் மனதில் இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். கூட்டத்தில் மறுபடி ஏதாவது ஆகிவிடப் போகிறதே என்று நானும் கூடப் போனேன். அவள் நல்ல உடுப்பாகப் போட்டு, வலது கையைச் சால்வைக்குள் வைத்திருந்தாள். வரிசை நகர நகர அவளுக்கு மூச்சு வாங்கியது. “என்ன சொல்லப் போறே?” என்று காதோடு கேட்டேன். “ஒண்ணும் சொல்ல மாட்டேன். காட்டுவேன்” என்றாள்.

நடிகர் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்ற உதவியாளர் ஒவ்வொரு பொருளாக வாங்கி முன்னால் வைத்து, எழுதியதும் எடுத்துக்கொடுத்தார். வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்து வைத்தார். நடிகர் பழைய எழுத்தைப் பார்த்தார்.

“இது நம்ம கையெழுத்துதான். யாருக்கு அடிபட்டது?”

“என் சம்சாரத்துக்குத் தலைவா. போன வருஷம் ஆஸ்பத்திரியில போட்டுக் கொடுத்தீங்க.”

“ஓ... இப்ப நல்லாயிடுச்சா?”

வீட்டுக்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். “ஆயிடுச்சு தலைவா. உங்க கைபட்டதுல, சுத்தமா நல்லாயிடுச்சு.”

நடிகரின் முகம் மலர்ந்தது. பழைய எழுத்தின் மேலேயே அழகாக எழுதினார்.

ஸ்பீக்கர் என்று பெயர் வாங்கிய எனக்கு அங்கே ஒரு சொல் வரவில்லை. பட்டன் தன் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு சால்வையை விலக்கி, வலது கையை மேஜை மேல் வைத்தாள்.

நடிகர் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சிரித்தார். “கையிலேயே போடணுமா?” என்றார். கேட்டுக்கொண்டே மார்க்கரைத் திருப்பிப் பிடித்து, உள்ளங்கையில் எழுதுவதற்காக அவள் விரல்களைத் தன் விரல்களால் விரிக்கப் பார்த்தார். விரியவில்லை. “நல்லா விரிங்கம்மா” என்றார்.

“விரியாதுங்க” என்றாள் பட்டன்.

அவர் கை அப்படியே நின்றது. நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு கணத்தில் அவருக்குப் புரிந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். என்னால் சத்தியம் செய்ய முடியாது. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். உதவியாளர் குனிந்து, “சார், அடுத்து” என்றார்.

“பரவால்லம்மா” என்று சொல்லிவிட்டு, நடிகர் அவளுடைய புறங்கையில் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் தையல் அறைக்குக் கூட்டி வந்தேன். எல்லோரும் எதிர்க்கடையில் இருந்ததால் அறை காலியாக இருந்தது. அவளை என் நாற்காலியில் உட்கார வைத்தேன். வீட்டுக்காரர் பெட்டியோடு வாசலிலேயே நின்றார். மறுபடி எழுதியது போதாதென்று இன்னொன்றும் கிடைத்துவிட்டது, அதையும் கழுவக் கூடாது என்று சொல்லப் போகிறார், சொன்னால் கத்தரிக்கோலை எடுத்துவிடுவது என்று நான் காத்திருந்தேன்.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். துணியில் கறை எடுக்க நாங்கள் வைத்திருக்கும் ஸ்பிரிட் பாட்டிலை அலமாரியில் தேடி எடுத்தார். ஒரு துண்டுத் துணியை நனைத்துக்கொண்டு, அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, தேய்க்கத் தொடங்கினார். மை எளிதில் போகவில்லை. அழுத்தித் தேய்த்தார். மறுபடி நனைத்துத் தேய்த்தார். அவர் கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூட அவர் நிறுத்தவில்லை. பட்டன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். துணியில் கறுப்போடு சிவப்பும் கலந்து வந்தபோதுதான் அவர் கை நின்றது. தோல் உரிந்திருந்தது. அவர் தலை தூக்கி அவளைப் பார்த்தார். அவளுக்கு அது தெரியவே இல்லை.

“வலிச்சா சொல்லக் கூடாதா?” என்றார்.

“வலிக்கலங்க” என்றாள் பட்டன். “நீங்க தேய்ங்க.”